சொத்தைப் பல்லுக்கு எங்கே போவது? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு கணக்கு

அரசு ஆஸ்பத்திரியில் பல்லுக்குப் பார்ப்பார்களா என்றால் பார்ப்பார்கள், காசும் வாங்க மாட்டார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். சந்தேகம் வர வேண்டிய இடம் வேறு. எந்த வேலையை எந்த ஆஸ்பத்திரியில் செய்வார்கள், அதற்கு எத்தனை நடை போக வேண்டியிருக்கும், அத்தனை நடை போக நம்மால் முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நம் பக்கம் பல் போகிறது. டாக்டர் பிடுங்கச் சொல்லிப் பிடுங்கியவர்களைவிட, இன்னொரு தடவை வர முடியாது என்று தாங்களாகவே "எடுத்துருங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

நம் மாவட்டக் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர், தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். தொண்டிக்காரருக்குச் சரியாக வருவது ராமேஸ்வரத்துக்காரருக்கு வராது, சாயல்குடிக்காரருக்கு இரண்டுமே வராது. அதனால் "எது நல்ல ஆஸ்பத்திரி" என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை. என் பல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, நான் எந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு எந்த நாட்கள் ஓய்வு, இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

முதலில் பல்லின் நிலை. இதைப் பாதி நாமே கணிக்கலாம். குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டால் சுரீர் என்கிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது, பல்லில் கறுப்பாக ஒரு புள்ளியோ குழியோ தெரிகிறது என்றால் பெரும்பாலும் சொத்தை இன்னும் நரம்பைத் தொடவில்லை. சுரண்டி எடுத்து அடைத்தால் போதும், ஒரே நாளில் முடிகிற வேலை. அடுத்த கட்டம் ராத்திரியில் தெரியும். படுத்தால் விண்விண் என்று தெறிக்கும், சூடாக டீ குடித்தால் உயிர் போகும், ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டால் கொஞ்சம் அடங்கும். அப்படியென்றால் நரம்பு கெட்டுவிட்டது. இனி வேர் சிகிச்சை, அதாவது நரம்பை எடுத்து அடைப்பது, இல்லை பிடுங்குவது. மூன்றாவது கட்டத்தில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். அத்தனை நாள் வலித்த பல் ஒரு நாள் சட்டென்று அமைதியாகிவிடும். கிராம்பு கேட்டுவிட்டது, மெடிக்கலில் வாங்கிய மாத்திரை கேட்டுவிட்டது என்று விட்டுவிடுவார்கள். கேட்டது ஒன்றுமில்லை, உள்ளே நரம்பு செத்துவிட்டது, அதனால் வலி தெரியவில்லை, அவ்வளவுதான். கிருமி வேர் வழியாக எலும்புக்கு இறங்கி, சில வாரமோ சில மாதமோ கழித்து ஈறில் பருப் போலச் சீழ்க்கட்டியாக வந்து நிற்கும்.

இதற்கும் மேல் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் யோசனைக்கே இடமில்லை. தாடைக்கு அடியில் கல் மாதிரி வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டு, காய்ச்சலும் சேர்ந்தால், பல் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த வீக்கம் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. ராத்திரி என்றாலும் 108-ஐக் கூப்பிட்டு ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சொத்தைப் பல்லால் உயிரே போகுமா என்றால், போகும்.

சரி, இனி இடங்கள்.

பக்கத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி

ராமேஸ்வரம், கீழக்கரை, முதுகுளத்தூர், திருவாடானை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள் ஒரு பக்கம், வட்டார அளவில் மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்கள் இன்னொரு பக்கம். எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பல் பிரிவு கிடையாது, மேம்படுத்தியவற்றில்தான் எதிர்பார்க்கலாம். அங்கேயும் பல் டாக்டர் எல்லா நாளும் இருப்பார் என்று சொல்ல முடியாது, ஒருவரையே இரண்டு இடத்துக்குப் போட்டிருப்பார்கள். எந்தெந்தக் கிழமை என்று முதலில் விசாரித்துவிட்டுப் போகாவிட்டால், காலையில் ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்து பகலில் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். போன் நம்பர் கையில் இல்லையென்றால் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத டூட்டி அட்டவணை இல்லை.

இங்கே நன்றாக நடக்கிற வேலைகள்: பல்லைப் பார்த்து என்ன நிலை என்று சொல்வது, பிடுங்குவது, சின்ன சொத்தையை அடைப்பது, கறை எடுத்துச் சுத்தம் செய்வது, சீழுக்கும் வலிக்கும் மாத்திரை. மேலே சொன்ன முதல் கட்டத்துக்கு இது தாராளமாகப் போதும். அந்தக் கட்டத்தில் இருக்கிறவர் மதுரைக்குப் பஸ் ஏறுவதோ தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதோ தேவையே இல்லாதது.

குறை என்னவென்றால், பல் நாற்காலி என்பது வெறும் நாற்காலி இல்லை. சுரண்டுகிற கருவி காற்றழுத்தத்தில் ஓடுவது, அதற்குக் கம்ப்ரஸர் வேண்டும், தண்ணீர் வர வேண்டும், கரண்ட் நிற்கக் கூடாது. இதில் ஒன்று பழுதானாலும் அடைக்கிற வேலை நின்றுவிடும். பிடுங்குவதற்கு மட்டும் இது எதுவும் வேண்டாம், மரத்துப்போகிற ஊசியும் குறடும் போதும். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் (பெயர் வேண்டாம்) நாற்காலி பளபளவென்று இருந்தது, டாக்டரும் இருந்தார், கம்ப்ரஸர் மட்டும் மாதக்கணக்கில் ஓடவில்லை. அந்த மாதங்களில் அடைத்தால் பிழைக்கக்கூடிய பற்கள் எத்தனை பிடுங்கப்பட்டனவோ. டாக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை, சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அதனால் அங்கே போனால் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா, இங்கே வசதி இல்லையென்றால் எங்கே போனால் முடியும்?" கேட்காதவருக்கு யாரும் தானாக வந்து சொல்வதில்லை. வரிசையில் ஐம்பது பேர் நிற்கும்போது அவர்களுக்கும் நேரம் இல்லை. கேட்டால் சொல்வார்கள், பரிந்துரைச் சீட்டும் எழுதித் தருவார்கள்.

ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி

பழைய மாவட்டத் தலைமை மருத்துவமனைதான், 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது இதுவும் கல்லூரி மருத்துவமனை ஆனது. பல் பிரிவு இருக்கிறது. அதைவிடப் பெரிய அனுகூலம், மற்ற டாக்டர்களும் ஒரே வளாகத்தில் இருப்பது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் இருக்கிறவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறவர்கள் பல் எடுக்க வேண்டுமென்றால் சின்ன ஊரில் முயற்சி செய்யாமல் இங்கே வருவதுதான் நல்லது என்பது என் கட்சி. பல் டாக்டர் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால் அன்றைக்கே கேட்டுவிடலாம். அந்த மாத்திரையை நாமே இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் போவது பெரிய ஆபத்து, எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிச் செய்யப் பார்த்தார், நல்லவேளையாக அவர் மகள் தடுத்துவிட்டாள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போய் வர ஒரு பகல் போகும். ஓ.பி. காலையில்தான், 12 மணிக்குப் பிறகு போய் நின்றால் நாளைக்கு வரச் சொல்வார்கள். எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம்.

வேர் சிகிச்சை இங்கே செய்வார்களா என்பதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே பதில் கிடையாது. முன்பல்லில் வழக்கமாக ஒரே ஒரு வேர்க்குழாய், வேலை சுலபம். கடவாய்ப் பல்லில் மூன்று, சிலசமயம் நான்கு. ஒவ்வொன்றையும் ஊசி மாதிரிக் கம்பிகளால் சுத்தம் செய்து, மருந்து வைத்து, திரும்ப வரச் சொல்லி அடைப்பார்கள். கூட்டத்துக்கு நடுவில் ஒரு டாக்டர் ஒரு பல்லுக்கு இத்தனை நேரம் ஒதுக்குவது கஷ்டம். நரம்பை எடுத்து அடைத்த கடவாய்ப் பல்லுக்குக் கேப் (பல்லின் மேல் மாட்டுகிற உறை) வேறு போட வேண்டும், போடாவிட்டால் நண்டுக்காலையோ முறுக்கையோ கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடும். கேப் என்பது அளவெடுத்து லேபில் செய்து வருவது, அரசு ஆஸ்பத்திரியில் அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாதி வேலையை இலவசமாக முடித்துக்கொண்டு மீதியை வெளியில் செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். வேர் அடைத்துவிட்டுக் கேப்புக்குப் பணம் சேரட்டும் என்று ஒரு வருஷம் விட்டவர்கள் கடைசியில் அந்தப் பல்லையும் இழந்திருக்கிறார்கள்.

மதுரையா புதுக்கோட்டையா

பல்லுக்கென்றே அரசு நடத்துகிற கல்லூரி மருத்துவமனைகள் தமிழ்நாட்டில் மூன்று. சென்னையில் 1953-இல் தொடங்கியது, சிதம்பரத்தில் இருக்கிறது (கடலூர் மாவட்டக் கணக்கு), 2023-இல் திறந்த புதுக்கோட்டை. தென்மாவட்டங்களுக்கு இத்தனை காலம் ஒன்றுகூட இல்லாமல் இருந்தது என்பதை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. மதுரை அவ்வளவு பெரிய ஊர், அரசு ராஜாஜி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறதே தவிர அரசு பல் கல்லூரி இன்றுவரை இல்லை.

வடக்குக் கடற்கரைக்காரர்களுக்கு, அதாவது தொண்டி, நம்புதாளை, எஸ்.பி.பட்டினம் பக்கம் இருக்கிறவர்களுக்குப் புதுக்கோட்டைதான் சரி. காரைக்குடி போய் அங்கிருந்து ஒரு மணி நேரம். ராமேஸ்வரத்திலிருந்தும் திருச்சி போகிற ரயில் மானாமதுரை, காரைக்குடி வழியாகப் புதுக்கோட்டையைத் தொட்டுத்தான் போகிறது, ஆனால் போய்ச் சேரும் நேரத்தையும் ஓ.பி. நேரத்தையும் ஒட்டிப் பார்த்தால் தீவுக்காரர்களுக்கு அது ஒரு ராத்திரி தங்கல் ஆகிவிடும். 50 பேர் சேர்கிற புதுக் கல்லூரி, பழைய கல்லூரிகளில் நடக்கிற எல்லா வேலையையும் முதல் நாளிலிருந்தே எதிர்பார்க்க முடியாது. கேப், பல் செட் வேண்டுமென்று போகிறவர்கள் நேரில் ஒரு நடை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, ராமேஸ்வரம் என்று தெற்கே இருப்பவர்களுக்கு மதுரை. ராஜாஜி மருத்துவமனைக்குப் போவதற்குக் காரணம் சாதாரணச் சொத்தையாக இருக்கக் கூடாது. அதற்கு ராமநாதபுரமே போதும். தாடை எலும்பு முறிவு, வாயில் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, கட்டி, எலும்புக்குள் புதைந்து குறுக்கே முளைத்த ஞானப்பல், இதற்கெல்லாம் மதுரை. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், கடலில் தூக்கம் வராமலிருக்கப் புகையிலைத் தூளைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறவர்கள் நம் பக்கம் ஏராளம். வைத்த இடத்திலேயே புண் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டுங்கள், வலி இல்லை என்பது சமாதானம் ஆகாது. வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மதுரையில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. அரசுப் பணம் இல்லை, ஆனால் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் கட்டணம் வெளிக் கிளினிக்கைவிடக் குறைவு. மெதுவாகச் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகும். அந்த மெதுவையே நான் நம்புகிறேன். கேப், பல் செட், கம்பி கட்டுவது போன்றவற்றுக்கு, பல நடை வர முடிகிறவர்களுக்கு, இதுதான் கையைக் கடிக்காத வழி. பல நடை வர முடிகிறவர்களுக்கு மட்டும் என்பதை மறுபடியும் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், ஒரு பல்லுக்கு மூன்று நான்கு நடை என்றால் பஸ் காசு, சாப்பாடு, கூட வருகிறவருக்கும் அதே செலவு, போன வேலை நாள் என்று கூட்டிப் பாருங்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரை வண்டிக்குச் செல்லாது.

தனியார் கிளினிக்

தனியாரிடம் போவதே தப்பு என்று பேசுகிறவன் இல்லை நான். ஒரே ஒரு பல், அதுவும் காப்பாற்றக்கூடிய பல், நீங்களோ தினக்கூலிக்கோ பங்குக்கோ போகிறவர் என்றால் உள்ளூர்க் கிளினிக் சிலசமயம் இலவசத்தைவிட மலிவாக முடிகிறது. சாயங்காலம் கடை மாதிரித் திறந்திருப்பார்கள், கரைக்கு வந்து குளித்துவிட்டுப் போகலாம். வேர் சிகிச்சைக்குச் சில ஆயிரம், கேப்புக்கு அதே அளவோ அதற்கு மேலோ ஆகும், எந்தக் கேப் என்பதைப் பொறுத்து. மொத்தத் தொகையை, எத்தனை தடவை வர வேண்டும் என்பதோடு சேர்த்து, நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுக்காமல் வேர் சிகிச்சை ஆரம்பிக்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே இருந்தால் காட்டலாம், அதனால்தான் முதல் நடை எப்போதும் அரசு ஆஸ்பத்திரிக்கு என்று நான் சொல்வது. விலை பேசுகிறவரே நோயையும் சொல்கிற இடத்துக்கு, நோய் என்னவென்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

பிடுங்குவதற்கு மட்டும் தனியாரிடம் காசு கொடுப்பது வீண். அதே ஊசி, அதே குறடு.

காப்பீட்டு அட்டையும் முகாமும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது, 5 லட்சம் வரை, அதில் பல் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்கிறார்கள். சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, கேப், பல் செட் எதுவும் அதில் வராது. அந்த அட்டை படுத்து வைத்தியம் பார்க்கிற பெரிய நோய்களுக்கும் அறுவை சிகிச்சைகளுக்கும். தாடை எலும்பு முறிவு, வாய்ப் புற்றுநோய் மாதிரியானவை வரும். அதனால் அட்டையை எடுத்து வையுங்கள், ஆனால் பல் வலிக்கு அதை நம்பி உட்காராதீர்கள். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கிறவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டோடு கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக்கில் விழுந்து தாடை உடைந்தால், அட்டை இல்லாதவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது. அந்தச் சாலையில் ராத்திரி போகிறவர்கள் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்.

முகாம்கள் எந்தப் பெயரில் வந்தாலும், பல் டாக்டர் ஒரு மேஜையில் உட்கார்ந்திருப்பார், டார்ச் அடித்துப் பார்ப்பார், சீட்டு எழுதுவார். நாற்காலி இல்லாத இடத்தில் அவர் வேறென்ன செய்ய முடியும். போவது தவறில்லை, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமலிருப்பதுதான் தவறு. பள்ளிக்கூடத்துக்கு வருகிற மருத்துவக் குழுவும் இப்படித்தான், பிள்ளைகளின் பல்லைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள், அந்தத் தாள் பையிலேயே நைந்துபோகும். ஒரு விஷயம் மட்டும் அம்மாக்களுக்கு: ஆறு வயதில் எல்லாப் பல்லுக்கும் பின்னால் புதிதாக ஒரு கடவாய்ப் பல் முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதைப் பால் பல் என்று நினைத்து, எப்படியும் விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அது விழாது, அறுபது வயது வரை மெல்ல வேண்டிய பல் அது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பிடுங்குகிற பற்களில் முக்கால்வாசி இதுதான் என்று அடித்துச் சொல்வேன். சொத்தை சின்னதாக இருக்கும்போதே பக்கத்து ஆஸ்பத்திரியில் இலவசமாக அடைத்திருக்கலாம்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக

மேலே சொன்னதெல்லாம் கரையில் வேலை பார்க்கிற யாருக்கும் பொருந்தும். கடலுக்குப் போகிறவருக்குக் கணக்கு மாறுகிறது.

பல் எடுத்த அன்று ராத்திரி தொழிலுக்குப் போகவே கூடாது. எடுத்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி மாதிரி நிற்க வேண்டும், வலையை இழுக்கிற முக்கலில் அது கழன்றால் நடுக்கடலில் ரத்தம் நிற்காது. பீடி இழுத்தாலும், துப்பிக்கொண்டே இருந்தாலும் கழன்றுவிடும், அப்புறம் அந்தக் குழியில் வருகிற வலி பழைய வலியைவிட மோசம். கடல் தண்ணீரில் வாய் கொப்புளித்தால் ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். முதல் நாள் எதிலுமே கொப்புளிக்கக் கூடாது, மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர், அதுவும் வீட்டு உப்பில். ராமேஸ்வரம் விசைப்படகுகள் டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) போட்டு வாரத்தில் மூன்று நாள் போகின்றன, மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஆகவே யாருக்கும் வாரத்தில் கரை நாள் இருக்கத்தான் செய்கிறது. கரைக்கு வந்த காலையில் போய்ப் பல் எடுத்தால் அடுத்த டோக்கனுக்குள் குழி ஓரளவு ஆறியிருக்கும்.

மூழ்குகிறவர்களுக்கு இன்னொன்று. சங்கு குளிக்கிறவர்கள், மரிக்கொழுந்துப் பாசி என்கிற கடல்பாசி எடுக்கத் தீவுகளுக்குப் போகிற பாம்பன், சின்னப்பாலம் பெண்கள், "கீழே போனாப் பல்லுக்குள்ள குத்துது, மேல வந்தாச் சரியாப் போகுது" என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சும்மா விடவும் கூடாது. சொத்தைக்குள்ளோ பழைய அடைப்புக்கு அடியிலோ காற்று சிக்கியிருந்தால் ஆழத்தில் அழுத்தம் மாறும்போது அது நரம்பைக் குத்தும். கரையில் வலியே இல்லாத பல்லையும் கடல் முதலில் காட்டிக்கொடுத்துவிடும். அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள், முழுகுகிற வேலை என்பதையும் சொல்லுங்கள், பல் வலி என்று மட்டும் சொன்னால் அவருக்குத் தெரிய வழியில்லை. மேல் கடவாய்ப் பல்லை எடுத்தவர்கள் டாக்டர் சரி என்று சொல்லும் வரை முழுகக் கூடாது, அந்தப் பல்லின் வேருக்கு மேலே காற்றறை இருக்கிறது, மூச்சடக்கி மூக்கைப் பிடித்து ஊதினால் ஆறுகிற குழி திறந்துகொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்த வாதம்

சித்தப்பா விசைப்படகில் போகிறவர், கீழ்க் கடவாய்ப் பல், இரண்டாவது கட்டம், ராத்திரித் தூக்கம் இல்லை. நான் வேர் சிகிச்சை பக்கம், அவர் குறடு பக்கம்.

"சித்தப்பா, அதை எடுத்தா மேல இருக்கிற பல்லு கீழ எறங்கி வரும், பக்கத்துப் பல்லு சாயும், அந்தப் பக்கமே மெல்ல முடியாது."

"எறங்குனா எறங்கட்டும்டா. நாலு நாளு நான் மதுரைக்கு அலைஞ்சா வீட்டுல உலை யாரு வைக்கிறது?"

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் மதுரையை விட்டுவிட்டேன். அவருக்கு நான் சொன்ன வழி இது. கரை நாளில் ராமநாதபுரம் போய் எக்ஸ்ரே எடுத்து, பல் நிற்குமா என்று கேட்பது. நிற்கும் என்றால், நரம்பைத் திறந்து மருந்து வைத்து வலியை நிறுத்துகிற முதல் வேலையை அங்கேயே செய்ய முடியுமா என்று கேட்பது, அது ஒரே நாள்தான். மீதி வேலையும் கேப்பும் உள்ளூர்க் கிளினிக்கில் சாயங்காலங்களில். பல் பிளந்துவிட்டது, நிற்காது என்று டாக்டர் சொன்னால் அன்றைக்கே எடுத்துவிட்டு வரட்டும், அதற்கு மேல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்.

மதினிக்கு இன்னொரு முடிவு. அவருக்குச் சர்க்கரை, ஈறு இறங்கி முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஆடுகிற பல்லைக் கட்டி நிறுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் காசு போடாதீர்கள் என்றேன். சர்க்கரை கட்டுக்குள் வராமல் ஈறு நிற்காது, ஈறு கெட்டிருந்தால் சர்க்கரையும் சொன்ன பேச்சு கேட்காது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அதை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே சுத்தம் செய்து, சர்க்கரை அளவு இறங்கியதும் அந்த இரண்டையும் எடுத்து, பல் செட்டுக்கு மதுரைக் கல்லூரி. அவர் பாசி எடுக்கப் போகிறவர், நீர் வற்றுகிற நாட்களில்தான் வேலை, நடுவில் ஓய்வு நாட்கள் கிடைக்கும், நான்கு நடை அவரால் முடியும். சித்தப்பாவுக்கு ஒத்துவராத மதுரை மதினிக்கு ஒத்துவருகிறது, இத்தனைக்கும் இரண்டு பேரும் ஒரே தெரு.

மற்றபடி பல நடை கேட்கிற எந்த வேலைக்கும் விசைப்படகுக்காரர்களுக்குக் கிடைக்கிற நல்ல காலம் மீன்பிடித் தடைக்காலம்தான், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பல் எடுத்த குழி ஆறி, அளவெடுத்து, பல் செட் வந்து, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துச் சரி செய்வது வரை அதற்குள் முடித்துவிடலாம். ஆனால் எல்லோருக்கும் அதே யோசனை வந்தால் மே மாதம் ஓ.பி. நிரம்பி வழியும், படகு மராமத்து வேலையும் அப்போதுதான் வரும். மார்ச்சிலேயே ஒரு கரை நாளில் போய்ச் சீட்டு போட்டு, எக்ஸ்ரே எடுத்து, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிட்டால், தடை தொடங்குகிற வாரம் நேராக அளவெடுக்கப் போகலாம். போகும்போது ஆதார், காப்பீட்டு அட்டை, பழைய எக்ஸ்ரே, தினமும் போடுகிற மாத்திரைகளின் அட்டைகள், சர்க்கரை இருந்தால் கடைசியாகப் பார்த்த அளவு எழுதிய தாள், இவ்வளவும் ஒரு பையில் இருக்கட்டும். எங்கே போவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம், காசு இல்லை.